ஏழாம் வகுப்பு மண்

அறிக்கையில் என் பெயர் இருந்தது. பதினோராம் பக்கம், நடுவில்.

“தகவல் தந்தவர்: எவ்ஸேபியா கவீச். ஊரின் மிகச் சிறந்த நிலம் என்று இவரே அழைத்துச் சென்று காட்டிய இடம்.” அதன் கீழே எண்கள். கல் அறுபத்தைந்து சதவீதம். மண்ணின் ஆழம் பதினெட்டு சென்டிமீட்டர். வகுப்பு ஏழு. பயிர் செய்யத் தகுதியற்றது.

பிலிபெர்த்தோ ட்சுல் ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அவர்தான் எங்கள் ஊர் நிலக் கமிட்டித் தலைவர். அவருடைய மூத்த மகளுக்கு நான் ஞானத்தாய், அதனால் அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“கொமாத்ரே, பேரைச் சரியாப் போட்டிருக்காங்களா?”

ஊர்க்கூட்டக் கொட்டகை முழுக்கச் சிரித்தது. அறுபது பேர் இருப்பார்கள். எல்லாரும் மக்காச்சோளம் விதைக்கிறவர்கள். எது நல்ல மண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள். அவர்கள்தான் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். ஊருக்கு வடக்கே முந்நூற்று நாற்பது ஹெக்டேர் பொது நிலம். அதைப் பன்றிக் கொட்டகை போட ஒரு கம்பெனி முப்பது வருஷக் குத்தகைக்குக் கேட்கிறது. பயிர் விளையும் நிலத்தை அப்படிக் கொடுக்க முடியாது, சட்டம் இருக்கிறது. விளையாத நிலம் என்று காகிதம் வந்துவிட்டால் ஊர்க்கூட்டம் கைதூக்கினால் போதும். அந்த நிலத்துக்குள் என்னுடைய இரண்டு ஹெக்டேர் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக அதில் விதைக்கிறேன். முதலில் என் கணவர் இலாரியோவோடு, அவர் போன பிறகு தனியாக. எனக்கு வேறு நிலம் கிடையாது. வேறு எதுவுமே கிடையாது.

அந்தக் காகிதத்துக்கு வேண்டியதை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்றே அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எல்லார்மேலும் பட்டேன்.

ஜனவரியில்தான் இந்த அறிக்கையை எழுதிய ஆள் மண் பார்க்க வந்தார். இன்ஜினியர் ரெனான், மெரிதா நகரத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான பேச்சு, அம்மா என்பதுபோல் தோன்யா என்றுதான் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வாசலில் நின்றார். பிலிபெர்த்தோ அன்றைக்கு ஊரில் இல்லை. என் வீடு வடக்குப் பாதையில் கடைசி வீடு என்பதால் என்னிடம் கேட்டார்.

“தோன்யா, எனக்கு ரெண்டே நாள்தான் டைம். முந்நூத்தி நாப்பது ஹெக்டேரையும் நடந்து பாக்க முடியாது. இந்த நிலத்துலயே ரொம்ப நல்ல மண்ணு எங்க இருக்குன்னு காட்டுவீங்களா?”

யாராவது இப்படிக் கேட்டால் என்ன செய்வோம்? எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சோளமாவு உருண்டையைத் தண்ணீரில் கரைத்து அவருக்கு ஒரு சுரைக்குடுவை நிறையக் குடிக்கக் கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில், அதே பொது நிலத்துக்குள், பள்ளத்தில் பிலிபெர்த்தோவின் செம்மண் நிலம் இருக்கிறது, மேசை மாதிரி சமமாக. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் மேட்டுக்கு ஏறினேன்.

எங்கள் நாட்டில் அடியில் இருப்பது முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழை அதைக் கரைக்கிறது. கரைந்தது போக மிஞ்சுகிற கொஞ்சம் மண் சிவப்பு. அது மழையோடு வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதைக் கன்காப் என்போம். ஆழமாக இருக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். மேட்டில் நடப்பது வேறு. அங்கே பாறை வெடித்துத் துண்டு துண்டாகக் கிடக்கும். இடுக்குகளில் இலை விழும், வேர் செத்து மட்கும், எறும்பு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும், நத்தை ஓடு நொறுங்கும். ஒரு விரல் கனம் சேர ஒரு ஆயுள் போதாது. அந்த மண் கறுப்பு, போஷ் லூம். கையில் எடுத்தால் காப்பித்தூள் மாதிரி உதிரும். மேலே கல் மூடியிருப்பதால் மழை அதை அடித்துக்கொண்டு போகாது, வெயில் அதைக் குடிக்காது. ஆகஸ்டில் மூன்று வாரம் மழை நின்றுபோகும்போது செம்மண் ஓடு மாதிரி இறுகும். அதில் நிற்கும் பயிர் இலையைச் சுருட்டிக்கொள்ளும். என் மேட்டில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் ஈரம் இருக்கும். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியமில்லை. நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

இன்ஜினியர் தோளில் இருந்த முறுக்குக் கம்பியை இறக்கி மண்ணில் குத்தித் திருகினார். டக் என்றது. கல். ஓரடி தள்ளிக் குத்தினார். டக். இன்னொரு இடம். டக்.

நான் சிரித்தேன். “அது உள்ள போகாது சார். நாங்க விதைக்கிற கழி மாதிரி இடுக்குப் பாத்து விடணும்.”

“இவ்ளோ கல்லா தோன்யா?”

“கல்லு இருக்கிறதாலதான் சார் இது நல்ல மண்ணு! இங்க பாருங்க.” காய்வதற்காக மடக்கிவிட்ட தட்டைகளில் கதிர்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை உரித்துக் காட்டினேன். நுனிவரை மணி. “அந்தப் பள்ளத்துல போன வருஷம் என்ன விளைஞ்சுதுன்னு கேட்டுப் பாருங்க. கொம்பாத்ரே அக்டோபர்லயே கடையில மக்காச்சோளம் வாங்க ஆரம்பிச்சிட்டாரு.”

அவர் தலையாட்டினார், ஏதோ எழுதினார். நான் சொன்னதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நீல வாளி எடுத்தார். இங்கே ஒரு கை, அங்கே ஒரு கை, பாறைமேல் இருந்த கல்லும் தூசியும் ஒரு கை, சரிவில் பழுப்பாக இருந்தது ஒரு கை. பதினைந்து இடத்தில் எடுத்து எல்லாவற்றையும் வாளியில் போட்டுக் கலக்கினார்.

“என்ன சார், மண்ணைப் போயி கரைக்கிறீங்க? குடிக்கவா?”

“இப்படித்தான் எடுக்கணும் தோன்யா. சராசரி.”

ஒரு கிலோ அள்ளிப் பையில் கட்டினார். போகும்போது எனக்கு நன்றி சொன்னார். நான் அவருக்கு நாலு கதிர் கொடுத்தனுப்பினேன். நாலு கதிர்! அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

கூட்டத்துக்கு அவரும் வந்திருந்தார், வரைபடத்தை விளக்க. பிலிபெர்த்தோ அதைச் சுவரில் ஒட்டியிருந்தார். வடக்கு நிலம் முழுக்க ஒரே நிறம், வெளிறிய மஞ்சள். முந்நூற்று நாற்பது ஹெக்டேரில் ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது.

எழுந்தேன். “இன்ஜினியர் சார், இது என்ன நிறம்?”

“அது லெப்டோசோல் தோன்யா. மெலிஞ்ச மண்ணுன்னு அர்த்தம். உலகம் பூரா இதே பேருதான்.”

“எங்க மேட்டுல கறுப்பு இருக்கு, பாறை மேல சாம்பல் இருக்கு, சரிவுல பழுப்பு இருக்கு, பள்ளத்துல சிவப்பு இருக்கு. நாலு எட்டு நடந்தா மண்ணு மாறும். நாலுக்கும் வேற வேற விதை போடுறோம். நீங்க ஒரே நிறம் அடிச்சிருக்கீங்களே, பெயின்ட் தீந்து போச்சா?”

“ஊருலயே நல்ல இடம் ஏழாம் வகுப்புன்னா மிச்சமெல்லாம் அதுக்குக் கீழதானே இருக்கணும்? அப்படித்தான் கணக்கு.”

“அந்த வாளியில கலக்கினீங்களே, அந்த மண்ணு எங்க இருக்கு? வந்து காட்டுங்க. இந்த ஊர்ல எந்த மூலையிலயும் அந்த மண்ணு இல்ல சார். அது உங்க வாளியில மட்டும்தான் இருந்துச்சு. அதுக்குத்தான் ஏழாம் வகுப்பு கொடுத்திருக்கீங்க. அதை வச்சு என் நிலத்தைப் புடுங்குறீங்க.”

“யாரும் புடுங்கல கொமாத்ரே,” என்றார் பிலிபெர்த்தோ. “குத்தகையில உங்களுக்கும் பங்கு வரும். உக்காருங்க.”

“நீங்க வாயத் திறக்காதீங்க கொம்பாத்ரே. உங்களுக்குத் தெரியாதா இது? இந்தா டிமாஸ் இருக்காரு, அவருக்குத் தெரியாதா? டிமாஸ், சொல்லுங்க, கருமண்ணு நல்ல மண்ணா, கெட்ட மண்ணா?”

டிமாஸ் பெஞ்சின் விளிம்பைப் பார்த்தார். “நல்ல மண்ணுதான் தோன்யா. ஆனா பேப்பர்ல அப்படி இல்லையே.”

மறுபடி சிரிப்பு. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர்கள் முட்டாள்களாக இருந்திருந்தால் கோபம் வந்திருக்காது. இவர்கள் வயலில் ஒரு மண்ணையும் கூட்டக் கொட்டகையில் வேறு மண்ணையும் நம்புகிறவர்கள்.

நல்லவேளை, கமிட்டி எழுத்தர் சட்டத்தைப் படித்தவர். அறிக்கையை எதிர்த்து யாராவது எழுதிக் கொடுத்தால் பதினைந்து நாளைக்குள் இன்னொரு முறை மண் எடுக்க வேண்டும், எதிர்க்கிறவர் காட்டுகிற இடத்தில், ஊரார் முன்னால். அதுவரை கைதூக்கக் கூடாது என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

வெளியே இன்ஜினியர் தன் வண்டியில் வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை.

“கதிரைப் பாத்தீங்களா இல்லையா?”

“பாத்தேன் தோன்யா.”

“அதை ஏன் எழுதல?”

“எழுத இடமில்ல. படிவத்துல கல்லு எவ்ளோ, ஆழம் எவ்ளோ, சரிவு எவ்ளோன்னுதான் கேக்கும். என்ன விளையுதுன்னு கேக்காது. டிராக்டர் ஓடுமான்னு பாக்கிறதுக்குப் போட்ட வகுப்பு அது. இங்க எவனும் டிராக்டர் ஓட்டலன்னு எனக்கும் தெரியும்.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கட்டுமா? வழியில ஒரு செம்மண் நிலம் இருந்துச்சே. என்னை ஏன் அங்க நிறுத்தல? அங்க கம்பியை விட்டிருந்தா ஒரு மீட்டர் இறங்கியிருக்கும். மூணாம் வகுப்பு வந்திருக்கும். மூணு வந்தா ஒருத்தனும் கொட்டகை போட முடியாது.”

“அது ஊருலயே மட்டமான மண்ணு!”

“இருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

பன்னிரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இலாரியோவின் தங்கை நெல்மி தினமும் மத்தியானம் வந்து என்னைத் திட்டினாள்.

“மதினி, செம்மண்ணைக் காட்டு. முடிஞ்சுது.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஆமா.”

“என் மேட்டைக் குப்பைன்னு சொல்லச் சொல்றியா? ஊர் முன்னாடி நின்னு? அந்தப் பிலிபெர்த்தோ நிலத்தைப் போயி நல்லதுன்னு?”

“உனக்கு மேடு வேணுமா, மேட்டுக்கு மரியாதை வேணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“அப்ப வேற ஊருக்குப் போ. இங்க ஒண்ணுதான் கிடைக்கும்.” அடுப்பில் இருந்த சோள ரொட்டியைக் கையாலேயே புரட்டினாள். “அவரு விடுவாரா, அது வேற இருக்கு. குத்தகை வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. ‘என் நிலம் மட்டம்’னு அவரே ஒரு வார்த்தை சொல்லிட்டா உன் கதை முடிஞ்சுது.”

அதைக் கேட்டதும்தான் நான் யோசித்தேன். பிலிபெர்த்தோவை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அந்தச் செம்மண் அவர் அப்பா பங்கிட்டபோது அவருக்கு வந்தது. தம்பிக்கு மேடு போயிற்று. அன்றிலிருந்து அவர் அதற்காக வாதாடிக்கொண்டிருக்கிறார். அரசாங்கத்தில் எழுதிப்போட்டு ஒரு வருஷம் டிராக்டர்கூட வரவழைத்தார். ஓட்டிவிட்டுப் போனார்கள், ஆகஸ்டில் பயிர் காய்ந்தது. ஒவ்வொரு திருவிழாவிலும் யாராவது அவரிடம், “பிலிபெர்த்தோ, உன் நிலத்துல பானை நல்லா விளையுதாமே,” என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பதுபோல் இருப்பார். வாய் மட்டும்தான் சிரிக்கும்.

பதின்மூன்றாம் நாள் காலை இன்ஜினியர் வந்தபோது ஊரே வந்திருந்தது. வேடிக்கை பார்ப்பதற்கு. நான் முன்னால் நடந்தேன். என் மேட்டுக்குத்தான் போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிலிபெர்த்தோகூட, “மறுபடியும் கல்லை எண்ணப் போறோம்,” என்று டிமாஸிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பள்ளத்தில், அவருடைய நிலத்தின் நடுவில், நான் நின்றேன்.

“இங்க எடுங்க.”

எல்லாரும் பிலிபெர்த்தோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதுதான் ஊருலயே நல்ல மண்ணு,” என்றேன். “போன தடவை நான் தப்பாக் காட்டிட்டேன். என் நிலம்னு ஒரு ஆசையில காட்டிட்டேன். உண்மையில இதுதான். கொம்பாத்ரே இதை முப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்காரு, நாங்கதான் கேக்கல.”

பின்னாலிருந்து யாரோ குபீரென்று சிரித்தார்கள். டிமாஸ்தான். “பானை மண்ணு!” என்றார்.

இன்ஜினியர் பிலிபெர்த்தோவைப் பார்த்தார். “தலைவர் நீங்க. நிலமும் உங்களுது. இவங்க சொல்றது சரியா? இது நல்ல மண்ணா?”

பிலிபெர்த்தோவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. இல்லை, இது மட்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குக் கொட்டகை, குத்தகை, எல்லாம் கிடைக்கும். ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. டிமாஸ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பிலிபெர்த்தோ அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அவருடைய தம்பி, மேடு கிடைத்த தம்பி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அவனையும் பார்த்தார்.

“என்னடா சிரிப்பு?” என்றார் டிமாஸிடம். “நல்ல மண்ணுதான். உனக்கு விவசாயம் பண்ணத் தெரிஞ்சாத்தானே. இதுக்கு ஒழுங்கா மழை இருந்தா உன் மேட்டையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும். எடுங்க இன்ஜினியர், எவ்ளோ ஆழம்னு இவனுங்களுக்குக் காட்டுங்க!”

கம்பி இறங்கியது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கைப்பிடி தரையைத் தொட்டது. இன்னொரு இடத்தில் குத்தினார், அங்கேயும் இறங்கியது. பிலிபெர்த்தோ பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும், “பாத்தியா! பாத்தியா!” என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். பதினைந்து இடம். பதினைந்தும் சிவப்பு. கலக்கினாலும் சிவப்பு.

முடிந்ததும் இன்ஜினியர் வண்டியின் முன்மூடிமேல் படிவத்தை வைத்து எழுதினார். மூன்றாம் வகுப்பு வரும் என்று வாயால் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் பேனாவை என்னிடம் நீட்டும்போது மூன்று விரலை மடக்காமல் வைத்திருந்தார். என் கண் எழுத்தில் ஓடியது. “சிறந்த நிலம்: பள்ளத்துச் செம்மண். ஆங்காங்கே உள்ள கல் மேடுகள் பயிருக்கு உதவாதவை. தகவல் தந்தவரின் வாக்குமூலம்.”

“இந்த ரெண்டாவது வரி வேணுமா?” என்று கேட்டேன்.

“வேணும் தோன்யா. இல்லன்னா முதல் அறிக்கைக்கும் இதுக்கும் ஏன் வித்தியாசம்னு கேப்பாங்க.”

“உதவாதவை.”

“அப்படித்தான் படிவத்துல வார்த்தை இருக்கு.”

கையெழுத்துப் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் போட்டேன். என் இருபத்தாறு வருஷத்தை, இலாரியோ இடுக்கு இடுக்காகக் கழியால் தடவித் தடவி விதைத்ததை, உதவாதவை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஜினியர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். “போங்க சார்,” என்றேன். “இந்தத் தடவை கதிர் கிடையாது.”

நெல்மி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஜெயிச்சிட்ட மதினி!” ஊர்க்காரர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் குத்தகைப் பணம் கைவிட்டுப் போனதில் வருத்தம், பாதிப் பேருக்கு நல்ல வேடிக்கை கிடைத்த சந்தோஷம். ஒருவர்கூட என் பக்கம் வந்து, எவ்ஸேபியா, உன் மண் நல்ல மண் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும், அதனால் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். நாசமாய்ப் போகட்டும்.

பிலிபெர்த்தோ தன் நிலத்தில் தனியாக நின்று, கம்பி போட்ட ஓட்டைகளைக் காலால் மூடிக்கொண்டிருந்தார். கொட்டகை போய்விட்டது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்கும். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“கொமாத்ரே,” என்றார். “நிஜமாவே அப்படி நினைச்சுத்தானே சொன்னீங்க?”

அந்த மனிதர் கண்ணில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லத்தான் வாய் வந்தது. இத்தனை நாளாக அதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் இன்ஜினியரின் வண்டி இன்னும் கிளம்பவில்லை. பின் கதவைத் திறந்து வைத்து மண் பையில் சீட்டு கட்டிக்கொண்டிருந்தார்.

“ஆமா கொம்பாத்ரே,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. “நல்ல மண்ணு.”

மேட்டுக்கு ஏறினேன். கழியை எடுத்தேன். மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது, விதைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் இடுக்கு இடுக்காகக் குத்திக்கொண்டே போனேன், இருட்டும்வரை.